மண்புழுவை வெட்டினால் இரண்டாகுமா? (வளைதசைப்புழுக்கள், அதாவது மண்புழு, அட்டை வகையறா பற்றித் தெரிந்தவர்கள் வரவும்)

ஈரமண் (இழையைத் தொடங்கியவர்)

நேற்று செடிக்கு மண் கொத்தும்போது மண்வெட்டி ஒரு மண்புழுவின் குறுக்கே இறங்கிவிட்டது. பக்கத்தில் நின்ற மகள் பதறிப்போனாள். "ஒன்றும் ஆகாது கண்ணு, இனிமேல் அது இரண்டு புழு" என்று சொல்லிச் சமாளித்தேன். சின்ன வயதில் எனக்கும் அப்படித்தான் சொன்னார்கள்.

அவள் சும்மா விடவில்லை. இரண்டு துண்டையும் எடுத்து ஒரு டப்பாவில் ஈரமண் போட்டு வைத்துவிட்டாள். இன்று காலை பார்த்தால் ஒரு துண்டு மண்ணுக்குள் போய்விட்டது. இன்னொன்று மேலேயே கிடந்து நெளிகிறது. "அப்பா, எது அம்மா புழு, எது குட்டிப் புழு?" என்று கேட்கிறாள். பதில் சொல்லத் தெரியாமல் இங்கே வந்திருக்கிறேன்.

---

சந்தேகப்பிராணி

இரண்டாகும். நானும் படித்திருக்கிறேன்.

---

கரும்பலகை

எங்கே படித்தீர்கள் என்று கேட்க மாட்டேன், ஏனென்றால் எல்லோருக்கும் யாரோ சொன்னதுதான் அது. 20 வருடமாக விலங்கியல் பாடம் எடுக்கிறேன். ஒவ்வொரு வருடமும் வகுப்பில் பாதிப் பேர் இதைச் சொல்வார்கள்.

ஈரமண், புழுவின் உடம்பில் ஒரு பக்கமாகக் கொஞ்சம் தடித்து, நிறம் மாறி, மோதிரம் மாட்டியது போல ஒரு பட்டை இருக்கும். கிளைடெல்லம் என்பார்கள். வளர்ந்த புழுவில் மட்டும்தான் தெரியும். எந்த முனைக்கு அது பக்கமோ அந்த முனைதான் தலை. உங்கள் இரண்டு துண்டில் எதில் அந்தப் பட்டை இருக்கிறது? வெட்டு அதற்கு முன்னாலா, பின்னாலா?

---

ஈரமண்

பார்த்துவிட்டேன் ஐயா. மண்ணுக்குள் போன துண்டில்தான் பட்டை இருக்கிறது. வெட்டு அதிலிருந்து இரண்டு விரல்கடை தள்ளிப் பின்னால் விழுந்திருக்கிறது. மேலே நெளிவது வெறும் வால்துண்டு.

---

கரும்பலகை

அப்படியானால் முன்துண்டு பிழைக்க வாய்ப்பு நிறைய. வால்துண்டு சில நாட்களில் அடங்கிவிடும். மகளிடம் எப்படிச் சொல்வது என்பது உங்கள் பாடு.

காரணம் எளிது. வளையம் வளையமாக ஒரே மாதிரி தெரிவதால் எல்லா வளையமும் ஒன்று என்று நினைத்துவிடுகிறோம். உள்ளே அப்படி இல்லை. லம்ப்ரிகஸ் டெரஸ்ட்ரிஸ் என்ற மண்புழு இனத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வாய், மூளை, தொண்டை எல்லாம் முதல் சில கண்டங்களில் (மண்புழுவில் ஒரு வளையம் ஒரு கண்டம்). இதயம் போலத் துடிக்கும் 5 ஜோடிக் குழாய்கள் 7 முதல் 11 வரையான கண்டங்களில். விந்தகமும் அண்டகமும் 14-ஆம் கண்டத்துக்கு முன்னாலேயே முடிந்துவிடுகின்றன. கிளைடெல்லம் 32-இல் தொடங்குகிறது. அதற்கப்புறம் நூறு கண்டம் நீண்டு கிடந்தாலும் பெரும்பாலும் குடலும் தசையும் கழிவுக் குழல்களும்தான். வேறு இனங்களில் இந்த எண்கள் மாறும். முக்கியமானவை முன்னால் குவிந்திருப்பது மாறாது.

ஆகவே முன்துண்டுக்கு இழப்பு கொஞ்சம் குடல். பின்துண்டுக்கு வாயே இல்லை.

---

சந்தேகப்பிராணி

வாய் முளைக்காதா? பல்லிக்கு வால் முளைக்கிறதே.

---

நுண்ணோக்கி

வால் முளைப்பது சுலபம், தலை முளைப்பதுதான் கஷ்டம். மண்புழுவில் முன்னாலிருந்து ஒரு சில கண்டங்கள் மட்டும் போனால் பல இனங்கள் அதைத் திரும்ப வளர்த்துக்கொள்ளும். வெட்டு பின்னால் போகப் போக அந்தத் திறமை குறைந்துகொண்டே வரும்.

இதில் ஒரு கொடுமையான விஷயம் இருக்கிறது. பழ ஈக்களில் மரபணு ஆராய்ச்சி செய்து நோபல் பரிசு வாங்கிய தாமஸ் ஹன்ட் மார்கன், அதற்கு முன்னால் மண்புழுக்களை வெட்டிக்கொண்டிருந்தவர். பின்பாதியை அப்படியே வைத்தால் தலை போன இடத்தில் சிலவற்றுக்கு ஏதோ முளைத்தது. பார்த்தால் இன்னொரு வால்! இரண்டு பக்கமும் வால், சாப்பிட வாய் கிடையாது. காயம் ஆறி, புது உறுப்பு வளர்ந்து, அப்புறம் பட்டினியில் சாவு.

---

சந்தேகப்பிராணி

சரி, தோற்றேன். ஆனால் நெருப்பில்லாமல் புகையுமா? இந்தக் கதை எங்கிருந்து வந்தது?

---

நுண்ணோக்கி

நெருப்பு இருக்கிறது. இரண்டு இடத்தில்.

ஒன்று பிளனேரியா. துண்டு துண்டாக வெட்டினாலும் ஒவ்வொன்றும் முழுப் புழுவாகிவிடும். ஆனால் அது தட்டைப்புழு. கண்டமும் கிடையாது, வளைதசைப்புழுவும் அல்ல. மண்புழுவுக்குத் தூரத்து உறவு என்று கூடச் சொல்ல யோசிக்க வேண்டும்.

இரண்டாவது உண்மையிலேயே நம்ம ஆள். லம்ப்ரிகுலஸ் என்று நன்னீரில் வாழும் மெல்லிய புழு. ஜெனீவாக்காரர் சார்ல் பொனே 1740-களிலேயே இதைப் பல துண்டுகளாக வெட்டி, துண்டுகள் தனித்தனிப் புழுவாவதைப் பார்த்துவிட்டார். ஆய்வகத்தில் நானும் செய்திருக்கிறேன். வெட்டிய துண்டு முன்பக்கம் ஏழெட்டுக் கண்டம் கொண்ட புதுத் தலையை வளர்க்கும், பின்பக்கம் வாலை வளர்க்கும். புதியவை வெளிறி இருப்பதால் எது பழசு எது புதுசு என்று கண்ணுக்கே தெரியும்.

எனக்கு ஆச்சரியம் அதுவல்ல. நடுவில் மாட்டிக்கொண்ட பழைய துண்டு என்ன ஆகிறது என்பதுதான். நேற்று வரை வால் பக்கம் இருந்த கண்டம், இன்று கழுத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. அது தன் நரம்பு இணைப்புகளையே மாற்றி அமைத்துக்கொண்டு, முன்கண்டம் செய்யும் வேலையைச் செய்யத் தொடங்குகிறது. தொட்டால் எப்படிச் சுருங்க வேண்டும் என்பது உட்பட. பதவி மாறியதும் வேலையும் மாறுகிறது.

---

ஈரமண்

இதையெல்லாம் மகளுக்குப் படித்துக் காட்டினேன். அவளுடைய அடுத்த கேள்வி: மூளை இல்லாத வால் ஏன் இன்னும் நெளிகிறது? அதுவும் தலைத்துண்டு அமைதியாக ஊர்ந்து போய்விட்டது, வால்தான் அதிகம் துடிக்கிறது.

---

கரும்பலகை

உங்கள் மகளை என் வகுப்பில் சேர்த்துவிடுங்கள்.

கண்டம் என்பது வெளியே போட்ட கோடு அல்ல, உள்ளே கட்டிய அறை. ஒவ்வொரு அறைக்கும் குறுக்கே மெல்லிய இடைச்சுவர். அறைக்குள் உடற்குழித் திரவம். சுற்றி வளையமாக ஒரு தசை, நீளவாட்டில் ஒரு தசை. பெரும்பாலான கண்டங்களில் கழிவகற்ற ஒரு ஜோடி நெஃப்ரிடியா. அடிப்பக்கம் நரம்பு நாண் ஓடுகிறது, கண்டத்துக்கு ஒரு நரம்புத்திரள். வெளியே மண்ணைப் பற்றிக்கொள்ளச் சீட்டா என்ற நுண்முட்கள். லம்ப்ரிகஸில் கண்டத்துக்கு 8, வேறு இனங்களில் இடுப்பைச் சுற்றி முழு வளையமாக.

புழுவுக்கு எலும்பு இல்லை. திரவம்தான் எலும்பு. தண்ணீர் நிரம்பிய பையை நசுக்கினால் கன அளவு குறையாது, வேறு பக்கம் பிதுங்கும். வளையத்தசை இறுகினால் அறை மெலிந்து நீளும். நீளத்தசை இறுகினால் அறை குட்டையாகித் தடிக்கும், சீட்டா மண்ணில் குத்தி நங்கூரம் போடும். தலையிலிருந்து வாலை நோக்கி இந்த அலை ஓடுகிறது. அலை பின்னால் போகிறது, புழு முன்னால் போகிறது. இடைச்சுவர் இல்லாவிட்டால் ஓர் இடத்தில் அழுத்தம் கொடுத்தால் உடம்பு முழுக்கப் பரவிவிடும், இந்த நளினம் வராது.

இப்போது வாலுக்கு வருவோம். ஒரு கண்டம் இழுபட்டால் அதன் நரம்புத்திரளே அடுத்த கண்டத்துக்குச் சேதி சொல்லிவிடும். ஒவ்வொரு அடிக்கும் மூளை உத்தரவு தேவையில்லை. மூச்சும் தோல் வழியாகத்தான், அதற்கும் தலை வேண்டாம். ஆகவே வால் நாட்கணக்கில் அசையும். தலைப்பக்கம் மூளை இருப்பதால் 'இப்போது மண்ணுக்குள் போ' என்று ஒழுங்குபடுத்த ஆள் இருக்கிறது. வாலில் அந்த ஆள் இல்லை. துடிப்பு அதிகம் என்பதால் வலி அதிகம் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

---

நுண்ணோக்கி

ஒரு இடைச்செருகல். கண்டம் கண்டமாகச் சேதி போவது மெதுவான வழி. பறவை கொத்த வந்தால் அது உதவாது. அதற்கென்று நரம்பு நாணின் மேற்புறம் 3 பெருநரம்பிழைகள் உடல் நீளத்துக்கும் ஓடுகின்றன. நடு இழை தலைப்பக்கம் தொட்டதைப் பின்னால் கடத்தும், விநாடிக்குச் சுமார் 30 மீட்டர் வரை. பக்க இழைகள் இரண்டும் வால்பக்கம் தொட்டதை முன்னால் கடத்தும், கொஞ்சம் மெதுவாக. ராத்திரியில் வளைக்கு வெளியே தலை நீட்டியிருக்கும் புழுவின் மேல் விரல் வைத்துப் பாருங்கள், சட்டென்று காணாமல் போகும்.

---

மழைக்காகிதம்

குறுக்கே வருகிறேன். மழை பெய்தால் மண்புழு மூழ்கிச் சாகாமல் இருக்கத்தான் மேலே வருகிறது, சரிதானே?

---

கரும்பலகை

பாடத்தில் அப்படித்தான் எழுதுவோம், ஆனால் எனக்கு அதில் முழு நம்பிக்கை இல்லை. ஆக்சிஜன் கரைந்த தண்ணீரில் பல இனங்கள் நாட்கணக்கில் உயிரோடு இருக்கும். மூழ்குவது என்பது நுரையீரல் உள்ளவர்களின் கவலை. நின்றுபோன தண்ணீரில் ஆக்சிஜன் தீர்ந்தால் அது வேறு கதை. தோல் காயாமல் நிலத்தின் மேல் நெடுந்தூரம் போக மழைநாள்தான் வசதி என்பதும் ஒரு விளக்கம். அதிர்வு இன்னொன்று. அமெரிக்காவில் ஃபுளோரிடாவில் தூண்டில் புழு பிடிப்பவர்கள் தரையில் ஒரு கட்டையை அடித்து அதன் மேல் இரும்பை உரசுவார்கள், புழுக்கள் கூட்டமாக வெளியே வரும். அந்த அதிர்வு, புழு தின்னும் அகழெலி மண்ணைக் குடையும் அதிர்வு போலவே இருக்கிறது என்று ஆய்வாளர் கென்னத் கடானியா 2008-இல் காட்டினார். அங்கே புழு மழைக்கு வரவில்லை, எதிரிக்குப் பயந்து ஓடி வருகிறது. டார்வினே இப்படிச் சந்தேகப்பட்டிருக்கிறார்.

---

மழைக்காகிதம்

டார்வினா? குரங்கு டார்வினா?

---

கரும்பலகை

புழு டார்வினும் அவரேதான். 1881-இல் வந்த அவருடைய கடைசிப் புத்தகம் முழுக்க மண்புழு பற்றியது. தொட்டியில் புழு வைத்துப் பக்கத்தில் பாசூன் என்ற குழலை ஊதவைத்துப் பார்த்தார், அசையவில்லை. அதே தொட்டியைப் பியானோ மேல் வைத்து ஒரு கட்டையைத் தட்டியதும் வளைக்குள் ஓடிவிட்டன. காது இல்லை, அதிர்வு தெரிகிறது. ஒரு பெரிய மனிதர் வீட்டில் இதெல்லாம் நடந்தது என்று நினைத்தால் எனக்கு இன்றும் சிரிப்பு வரும்.

---

சந்தேகப்பிராணி

ஒவ்வொரு கண்டத்துக்கும் ஒரு நரம்புத்திரள் என்றீர்கள். அப்படியானால் "அட்டைக்கு 32 மூளை" என்று சுற்றிவரும் செய்தி உண்மைதான் போல?

---

நுண்ணோக்கி

அந்தச் செய்தியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ரத்தம் கொதிக்கும். (அட்டைக்குப் பிடிக்காது, சூடாகிவிடும்.)

அட்டையில் 32 கண்டம் என்பது நரம்பியல்காரர்கள் எண்ணும் கணக்கு. தலைமுனையையும் சேர்த்து எண்ணுபவர்கள் 33, 34 என்பார்கள். முன்னால் 4 நரம்புத்திரள் ஒட்டி ஒன்றாகிவிட்டன, பின்னால் 7 ஒட்டி ஒன்றாகிவிட்டன, நடுவே 21 தனித்தனியாக. நடுவில் உள்ள ஒவ்வொன்றிலும் சுமார் 400 நரம்பு செல்கள். இதை மூளை என்றால் நம் தண்டுவடத்தையும் முப்பது மூளை என்று சொல்ல வேண்டும்.

ஆனால் அந்த எண்ணில் உண்மையான அதிசயம் ஒன்று ஒளிந்திருக்கிறது, அதை யாரும் பகிர்வதில்லை. மண்புழுவுக்குக் கண்ட எண்ணிக்கை ஆளுக்கு ஆள் கொஞ்சம் மாறும். அட்டைக்கு மாறவே மாறாது. விரல்நுனி அளவு அட்டையும் சாண் நீள அட்டையும் ஒரே எண்ணிக்கை. வெளியே நூறு வளையம் போலத் தெரிவது பொய்க்கோடு. மருத்துவ அட்டையில் நடுக்கண்டம் ஒவ்வொன்றின் மேலும் 5 வளையம் இருக்கும். எண்ணிக்கை கருவிலேயே முடிவாகிவிடுவதால் அதற்கப்புறம் புதுக் கண்டம் கிடையாது. வெட்டினால் முளைக்கவும் செய்யாது. லம்ப்ரிகுலஸும் அட்டையும் நெருங்கிய சொந்தக்காரர்கள் என்பதை வைத்துப் பாருங்கள். ஒன்று எங்கே வெட்டினாலும் மீளும், இன்னொன்று ஒரு கண்டத்தைக் கூட மீட்காது.

---

ஈரமண்

அட்டைக்கு அறைச்சுவர் உண்டா? அது ஊர்வது வேறு மாதிரி இருக்கிறதே. இரண்டு முனையும் ஒட்டி, ஜாண் அளப்பது போல.

---

நுண்ணோக்கி

நல்ல கண். சுவர் கிட்டத்தட்டப் போய்விட்டது. தசையும் திசுவும் அடைத்து உடற்குழியும் குறுகிவிட்டது, முள்ளும் இல்லை. முழு உடம்பும் ஒரே பை. அதனால் அலை அலையாக ஊர முடியாது, முன்னும் பின்னும் ஒட்டுறுப்பு வைத்து அளந்து நடக்கிறது. பதிலுக்கு அதற்குக் கிடைத்தது வயிறு. தன் எடையைப் போலப் பல மடங்கு ரத்தம் குடித்துவிட்டு மாதக்கணக்கில் சும்மா இருக்கலாம். குடிக்கும்போது ரத்தம் உறையாமல் இருக்க ஹிருடின் என்ற புரதம், 65 அமினோ அமிலம். அறுந்த விரலையும் காதையும் ஒட்டவைக்கும் அறுவை மருத்துவர்கள், தேங்கும் ரத்தத்தை வடிக்க இன்றும் அட்டையை வைக்கிறார்கள். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2004-இல் அட்டைக்கு 'மருத்துவச் சாதனம்' என்று அனுமதி கொடுத்தது. உயிருள்ள சாதனம்!

---

அலைவாய்

இவ்வளவு நேரம் மண்ணும் குளமுமாகவே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். வளைதசைப்புழுக்களில் பெரும்பகுதி கடலில் இருக்கிறது ஐயா. மண்புழுவும் அட்டையும் அந்தப் பெரிய குடும்பத்தில் ஒரு கிளை மட்டும்.

கடல் பக்கம் வந்தால் நீங்கள் சொன்ன விதிகள் ஒவ்வொன்றாக உடையும். ரத்தம் சிவப்பா? மண்புழுவில் ஆமாம், ஆனால் சிவப்பணு கிடையாது, ஹீமோகுளோபின் நேராகப் பிளாஸ்மாவில் மிதக்கிறது. நம்முடையதில் 4 குளோபின் என்ற புரதச் சங்கிலி என்றால் அதில் 144. விசிறிப்புழுக்கள் சிலவற்றில் ரத்தம் பச்சை, குளோரோகுருவோரின் என்ற நிறமியால்.

ஒரு தலைக்கு ஒரு வால்தானே? ராமிசில்லிஸ் மல்டிகாடேட்டா என்று ஒரு புழு, ஆஸ்திரேலியாவின் வடக்குக் கடலில், 2012-இல் விவரிக்கப்பட்டது. தலை ஒரு கடற்பஞ்சுக்குள் எங்கோ புதைந்திருக்கும். உடம்பு மரக்கிளை போலப் பிரிந்து பிரிந்து, பஞ்சின் ஒவ்வொரு துளை வழியாகவும் ஒரு வால் எட்டிப்பார்க்கும். ஒரு தலைக்கு நூற்றுக்கணக்கான வால்.

சமோவாவின் பலோலோ புழு இன்னொரு வகை. பின்பாதியில் முட்டையும் விந்தும் நிரப்பி, அக்டோபர், நவம்பரில் தேய்பிறையின் கடைசிக் கால்பகுதியில், அந்தப் பாதியை மட்டும் அறுத்து மேலே நீந்தவிடும். தலை பாறைக்குள்ளேயே பத்திரமாக இருக்கும். ஈரமண், உங்கள் மண்வெட்டி செய்ததை அது தானாகவே செய்துகொள்கிறது.

---

அலைவாய்

இன்னொன்று, தனியாகவே போடுகிறேன். கண்டமே இல்லாத வளைதசைப்புழுவும் உண்டு.

---

சந்தேகப்பிராணி

இது அநியாயம். கண்டம் இருப்பதால்தான் அந்தப் பெயர். கண்டம் இல்லாததை எதற்குச் சேர்க்கிறீர்கள்? நாளைக்கு மீனுக்கும் இறகு இருக்கிறது என்பீர்கள்.

---

அலைவாய்

பாம்புக்குக் கால் இல்லை, ஆனாலும் அது நான்கு கால் முதுகெலும்பிகளின் வாரிசுதானே? இருப்பதை மட்டும் பார்த்தால் போதாது, யாருக்குப் பிறந்தது என்று பார்க்க வேண்டும்.

பொனீலியா என்று ஒரு புழு. பச்சை உருண்டையும் நீண்ட தும்பிக்கையும், கண்டக்கோடு ஒன்று கூடக் கிடையாது. லார்வா சும்மா தரையில் இறங்கினால் பெரும்பாலும் பெண்ணாகும். ஒரு பெண்ணின் மேல் ஒட்டினால் ஆணாகும், சில மில்லிமீட்டருக்கு மேல் வளராமல் அவளுக்குள்ளேயே குடித்தனம். இதையும், இதே போலக் கண்டமில்லாத கடலைக்காய்ப் புழுக்களையும் வெகுகாலம் தனித் தொகுதிகளாகவே வைத்திருந்தார்கள். டி.என்.ஏ. ஒப்பீடு வந்தபின் இரண்டும் வளைதசைப்புழு மரத்துக்குள்ளேயே வந்து உட்கார்ந்தன. கடலைக்காய்ப் புழு ஒன்றின் லார்வாவில் நரம்பு நாண் கண்டம் கண்டமாகத் தோன்றி, வளர வளர அழிந்தும் போகிறது. அதாவது சுவரைக் கட்டி, தானே இடிக்கிறது.

ஆழ்கடல் வெந்நீர் ஊற்றுகள் 1977-இல் கலாபகோஸ் தீவுகள் பக்கம் கண்டுபிடிக்கப்பட்டபோது கிடைத்த ரிஃப்டியா என்ற குழாய்ப்புழுவும் இப்படித்தான். 2 மீட்டர் நீளம், வாயும் குடலும் இல்லை, உள்ளே குடியிருக்கும் பாக்டீரியா சமைத்துப் போடுகிறது. அதற்கும் தனித் தொகுதி கொடுத்தார்கள். ஆனால் குழாயின் அடியில் புதைந்திருக்கும் வால்நுனியைப் பார்த்தால் குட்டிக் குட்டிக் கண்டம், முள்ளோடு!

---

கரும்பலகை

இதே காரணத்தால் நான் பாடத்தையே மாற்ற வேண்டிவந்தது. "மண்புழுவுக்கும் பூரானுக்கும் கண்டம் இருக்கிறது, ஆகவே நெருங்கிய உறவு" என்று விலங்கியலாளர் க்யூவியே காலத்திலிருந்து சொல்லிவந்தோம். 1997-இல் மரபணு ஒப்பீடு அதைப் புரட்டிப் போட்டது. பூரான் தோலுரிக்கும் கூட்டத்தோடு போய்விட்டது, மண்புழு நத்தையோடும் சிப்பியோடும் சேர்ந்துவிட்டது. கடல்புழுக்கள் பலவற்றுக்கும் சிப்பிகள் பலவற்றுக்கும் ட்ரோக்கோஃபோர் என்ற ஒரே மாதிரி லார்வா இருப்பதை அதற்கு முன்னாலேயே கவனித்திருந்தோம், ஆனால் கண்டத்தின் மேலிருந்த மயக்கம் கண்ணை மறைத்துவிட்டது. இரண்டு பக்கமும் கண்டம் தனித்தனியாக உண்டானதா, ஒரே பழைய மூதாதையிடமிருந்து வந்ததா என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. நான் தனித்தனி என்ற பக்கம்.

---

அலைவாய்

நான் எதிர்ப்பக்கம். ஆனால் அதற்கு வேறு இழை தொடங்க வேண்டும், இங்கே ஒரு குழந்தை காத்திருக்கிறாள்.

---

ஈரமண் (16 நாள் கழித்து)

எல்லோருக்கும் வணக்கம். வால்துண்டு ஐந்தாம் நாள் அசைவு நின்று வெளுத்துவிட்டது. மகள் அதைச் செடியடியில் புதைத்தாள். அழவில்லை, "அதுக்கு வாய் இல்லையே பா" என்றாள். நான் சொன்னது தப்பு என்று அவளிடம் ஒப்புக்கொண்டேன்.

முன்துண்டு நன்றாக இருக்கிறது. வெட்டிய முனை மூடி, கூம்பு போல வெளிறிய ஒரு சின்ன நுனி வந்திருக்கிறது. லென்ஸ் வைத்துப் பார்த்தால் அதில் மெல்லிய கோடுகள். எண்ணினாள், 4 என்கிறாள். நான் 3 என்கிறேன்.

---

கரும்பலகை

வால்நுனி என்பது கண்டமே அல்ல. புதுக் கண்டம் அதற்குச் சற்று முன்னால்தான் உண்டாகும். ஆகவே கடைசியில் இருப்பதுதான் வயதில் சின்னது. அந்த நுனியை விட்டுவிட்டு எண்ணச் சொல்லுங்கள்.

இன்னொன்று. சொரசொரப்பான ஒரு காகிதத்தை எடுத்து, ரொம்பக் கொஞ்சமாக ஈரம் படவைத்து, புழுவை அதன் மேல் விட்டுக் காதைப் பக்கத்தில் வைத்துக் கேளுங்கள். விசிறி ஓடக்கூடாது.

---

ஈரமண்

கேட்டது! கிர்க் கிர்க் என்று, யாரோ தூரத்தில் நகத்தால் சுவரைச் சுரண்டுவது போல. முள்ளா அது? மகள் கால்மணி நேரமாகத் தரையை விட்டு எழவில்லை, பேசினால் "உஷ்" என்கிறாள். அப்புறம் அந்த நுனியை விட்டு எண்ணினால் 3 தான், நான் ஜெயித்தேன்.